பூவுக்கு இடமில்லாத தொப்பி

மார்கழி 4, வெள்ளி.

கடைத்தெருவில் கிடைத்த இலைப்பச்சைக் கம்பளி நூலில், பனிக்குக் காதை மூடும் தொப்பி பின்னி முடித்தேன். நாளை கிரிவலப் பாதைக் கடையில் மாதிரி காட்ட வேண்டும். பிடித்தால், ஆடை வடிவமைப்பு படிக்கும் எனக்கு அதுதான் முதல் ஆர்டர். விடியலில் பூ விற்கப் போகும் அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன்.

"காது கதகதன்னுதான் இருக்குது. பூவ எங்கடி வெக்கிறது? காலேஜ்ல இத சொல்லித் தரலியா?"

தொப்பியைக் கழற்றியபோது உள்ளே அம்மாவின் கொண்டையிலிருந்த கனகாம்பரம் நசுங்கி ஒட்டியிருந்தது. பச்சையில் அந்த நிறம் அழகாகத்தான் இருந்தது. அடுத்த தொப்பிக்கு ஓரம் அதுதான்.

நூல் கடையில் இந்தப் பச்சை இனி இல்லை. அதனால் இதையே உச்சியிலிருந்து பாதி பிரித்துவிட்டேன். கொண்டை வெளியே வர இடம் விட்டுப் பின்னுகிறேன். காலையில் அம்மா பூ வைத்த பிறகுதான் போட்டுப் பார்க்க வேண்டும்.