சலோமி என்று கூப்பிட்டால்

ஏழாம் லயம், மேல் டிவிஷன்,
கட்டபெட்டு.
28 ஜூன் 1939

என் கண்ணு சலோமிக்கு, அம்மிச்சி தபித்தாள் என் கையாலேயே எழுதுவது.

அன்றைக்கு உன்னை பஸ் ஏற்ற வந்தவர்கள்: உபதேசியார் சுவிசேஷமுத்து, தகரப்பெட்டி கொடுத்த கடைக்காரர் நூர் அகமது, முறுக்குப் பொட்டலத்தோடு அவர் சம்சாரம் ராபியா, கூப்பிடாமலே வந்த கங்காணி ஆறுக்குட்டி, உன் தாய்மாமனாகிய என் மகன் ஜஸ்டஸ், நான். இதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

பஸ் வளைவு திரும்பின பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. "தபித்தாக்கா, திங்கக்கிழமையிலிருந்து மஸ்டர்ல அந்தப் புள்ள பேரக் கூப்பிடுவேன். ஆளு எங்க போகுது?" என்றான் கங்காணி. "பேரு குடுத்தது யாரு?" என்றேன். உன் மாமன் கால் சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டு நின்றான். உன் பேரைப் பதிந்தால் தனக்குத் தேயிலை ஃபேக்டரிக்குள் வேலை என்று பேசி முடித்திருக்கிறான். உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அவனுக்கென்ன, பெண்டாட்டி வழியில் கீழ் லயத்தில் அறை இருக்கிறது. தோட்டத்தார் கொடுத்த நம் லயத்து அறையில் ஒரு ஆளாவது காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டருக்கு நிற்காவிட்டால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். என்னையோ கை நடுங்குகிறதென்று போன வருஷமே நிறுத்திவிட்டார்கள்.

"அந்தப் பேருக்கு நான் வர்றேன்" என்றேன். கங்காணி சிரித்தான். "கூடை நெறஞ்சாப் போதும். யாரு கையின்னு தொரை பாக்கப் போறாரா" என்றான். அதனால் அவன் "சலோமி" என்றால் நான் "இருக்கேனுங்க" என்கிறேன்.

இதைப் படித்துவிட்டு ஓடி வந்தாயோ, கதவைத் திறக்க மாட்டேன். அந்த சர்வகலாசாலையைக் கேட்டிலிருந்து அடுப்படி வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுகிற மாதிரி எழுது.

அம்மிச்சி

~

பெண்கள் விடுதி,
9 ஜூலை 1939

அன்புள்ள அம்மிச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் பெட்டியைக் கட்டினேன். நீங்கள் கதவைத் திறக்கமாட்டீர்கள் என்பது நினைவு வந்து அவிழ்த்துவிட்டேன்.

வாருங்கள், காட்டுகிறேன். கேட்டுக்கு வெளியே சின்ன ஊர். ஒரு கோயில், ஒரு சந்தை, நிறைய மாட்டுவண்டி. உள்ளே நேராக ஒரு சாலை, எங்கும் ஏற்றமே இல்லை. நடந்தால் மூச்சு வாங்காதது எனக்கு விநோதமாக இருக்கிறது. வலப்பக்கம் மணிக்கூண்டு வைத்த பெரிய மண்டபம். பட்டம் கொடுப்பது அங்கேதான். அதை அடுத்து நூல்நிலையம். ஏணி போட்டுத்தான் புத்தகம் எடுக்க வேண்டும். பிறகு தமிழ், சரித்திரம், கணக்கு, ரசாயனம் என்று தனித்தனிக் கட்டடங்கள். ரசாயனத்தின் நாற்றம் சரித்திரம் வரைக்கும் வரும். விவசாயி மகனும் வக்கீல் மகனும் ஒரே பெஞ்சு. பெண்களுக்கு முன்வரிசை, எழுந்து கேள்வி கேட்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. அடுப்படியில் புளி கொஞ்சம் அதிகம்.

நீங்கள் கொடுத்த கம்பளியை இந்த வெயிலில் போர்த்த முடியாது. மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறேன்.

சலோமி

~

கட்டபெட்டு,
17 ஜனவரி 1942

கண்ணு சலோமிக்கு,

உன் சர்வகலாசாலையை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? ஃபேக்டரிதான். பச்சைக் கொழுந்தைக் கொண்டுபோய் வாடவிட்டு, உருட்டி, சுட்டு, சலித்து, கடைசியில் பெட்டிமேல் முத்திரை குத்துகிறார்கள். ஃபேக்டரியில் தூளைத் தனியே தள்ளுவார்கள். நீ தூளாகிவிடாதே.

இங்கே உறைபனி விழுந்து கொழுந்து கருகிக் கிடக்கிறது. எனக்கு இருமல். போன வாரம் கூடை பாதிகூட நிறையவில்லை. "இனிமே சலோமி வேண்டாம், பேர வெட்டறேன்" என்றான் கங்காணி. பக்கத்து வரிசையில் பறிக்கிற நிரைக்காரிகள் அவன் எதிரிலேயே ஆளுக்கு ஒரு கை கொழுந்து என் கூடையில் போட்டார்கள். "இப்ப வெட்டு பாக்கலாம்" என்றாள் ஒருத்தி. வெட்டவில்லை.

இன்னும் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடியிருக்கிறாயாமே. எழுந்து கேள். நான் தினமும் உன் பேருக்குச் சத்தமாகத்தான் பதில் சொல்கிறேன்.

ராபியா உனக்கு துவா செய்வதாகச் சொல்லச் சொன்னாள். ஜஸ்டஸ் எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

அம்மிச்சி

~

பெண்கள் விடுதி,
2 டிசம்பர் 1943

அம்மிச்சிக்கு,

நீங்களும் உபதேசியாரும் சுகமாக மலை ஏறிச் சேர்ந்தீர்களா? இங்கே இன்னும் உங்கள் பேச்சுத்தான்.

பட்டம் கொடுத்த அன்றைக்கு, பாஸ்டர் அங்கி மாதிரிக் கறுப்பு அங்கி போட்டு எங்களை நிறுத்தியிருந்தார்கள். பேர் வாசித்தவர் "சலோமி" என்றார். நான் படியில் கால் வைக்கும் முன்னே கடைசி வரிசையிலிருந்து "இருக்கேனுங்க!" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், அந்த வேர்வையிலும் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள். மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க அம்மிச்சிங்க. நாலு வருஷமா என் பேருக்கு அவங்கதான் ஆள்" என்றேன். பேர் வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றி உங்களைப் பார்த்தார். நீங்கள் உட்காரும்வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டார். இந்தத் தடவை நான் சொன்னேன், "இருக்கேனுங்க" என்று. அங்கே யாரும் அப்படிச் சொல்வது வழக்கமில்லை.

குன்னூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். வீடும் உண்டு. ஜனவரியில் நீங்கள் அங்கே வந்துவிட வேண்டும். மாமாவும் எழுதியிருக்கிறார், உங்களோடு வரலாமா என்று. போனது போகட்டும் அம்மிச்சி. எல்லாரையும் மன்னித்துவிடுங்கள்.

சலோமி, பி.ஏ.

~

கட்டபெட்டு,
20 ஜனவரி 1944

பி.ஏ. சலோமிக்கு, உன் அம்மிச்சி.

இன்று காலை மஸ்டருக்குப் போனேன். கூடை கொண்டுபோகவில்லை. கங்காணி "சலோமி" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். "எதுக்கு நின்னுக்கிட்டே தூங்கறே?" என்றான். "சலோமி பி.ஏ. குன்னூர்ல டீச்சரு. அங்க போயிக் கூப்பிடு, டீச்சரம்மான்னு கூப்பிடு" என்றேன். நிரைக்காரிகள் சிரித்த சிரிப்பில் துரை பங்களா நாய் குரைத்தது. ஆறுக்குட்டி உன் பேரை அடித்துவிட்டு, "நல்லா இருக்கட்டுமுங்க" என்றான். என்னோடு அவன் 'ங்க' போட்டுப் பேசினது அதுதான் முதல் தடவை. அவனை மன்னித்துவிட்டேன். ஆள் பிடிப்பது அவன் பிழைப்பு.

அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் முந்துகிறதோ நான் முந்துகிறேனோ, நாளை பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வருகிறேன். சாமான் ஒரு மூட்டை. ராபியா முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் வீட்டுக்கு யார் வந்தாலும் சோறு போடு. அது உன் வீடு, உன் மனசு. உன் மாமன் உண்கிற நேரத்தில் நான் அடுப்படியில் இருப்பேன். பஜாரில் "எங்க அக்கா மக பி.ஏ." என்று சொல்லித் திரிகிறானாம். அன்றைக்கு அந்த பஸ் நிறுத்தத்தில் அவனுக்கு அக்கா மகள் இல்லை, ஒரு பேர்தான் இருந்தது.

கர்த்தர் எதிரில் என் பேரைக் கூப்பிடும்போதும் "இருக்கேனுங்க" என்றுதான் சொல்லுவேன். மன்னிக்காமல் விட்டது யாரை என்று கேட்டால், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

நான் பெற்ற ஜஸ்டஸை.