ஆளுக்கொரு செம்பு நல்ல தண்ணீர்

அன்புள்ள மனைவி நூகரத்தினத்துக்கு, குஜராத் வேராவல் மீன்பிடித் துறையிலிருந்து போலய்யா எழுதுவது. நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

ஒரு சின்னச் சங்கதி, பயப்படாதே. போன முறை கடலில் இருந்தபோது ஆணுறுப்பின் முன்தோலில் வீக்கமும் எரிச்சலும் வந்தது. கழுவுவதற்கெல்லாம் படகில் குடிதண்ணீர் பீப்பாயைத் தொடவிடமாட்டார்கள். உப்புத்தண்ணீர் எந்தப் புண்ணையும் ஆற்றும் என்று நம்பி, மற்றவர்களைப் போல நானும் கடல்நீரில் துணிசோப்புப் போட்டுத் தேய்த்தேன். இன்னும் மோசமாயிற்று.

கரையேறியதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண் டாக்டர். திரும்பிவிட நினைத்தேன், ஆனால் உட்கார்ந்துவிட்டேன். "தோலை மெதுவா பின்னாடி தள்ளி தினமும் நல்ல தண்ணியில கழுவுங்க, துடைச்சிட்டு முன்னால கொண்டுவந்துடுங்க. சோப்பு வேண்டாம். வீக்கம், சீழ், வலி வந்தாலோ, பின்னால போன தோல் திரும்பலேன்னாலோ உடனே வரணும், வெக்கப்படக் கூடாது" என்றார். அவர் கொடுத்த மருந்தில் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

வலை தைக்கும்போது எல்லார் முன்னாலும் இதைச் சொல்லி, ஆளுக்குத் தினம் ஒரு செம்பு நல்ல தண்ணீர் கேட்டேன். எங்கள் படகுத் தலைவர் எர்ரய்யா, "குடிக்கவே தண்ணி பத்தல, தொரைக்கு அங்க வேற குளிப்பாட்டணுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் விடவில்லை.

மறுநாள் அவரே தனியாக வந்து, "அந்த டாக்டரம்மா எத்தன மணி வரைக்கும் இருப்பாங்கடா?" என்று கேட்டார்.

இப்போது படகில் கழுவுவதற்கென்று கூடுதலாக ஒரு நல்ல தண்ணீர் பீப்பாய் ஏறியிருக்கிறது. அதற்குப் பெயரே போலய்யா பீப்பாய்தான்!

பருத்தித் துண்டு இரண்டு அனுப்பு. புதிது வேண்டாம், நீ துவைத்து மடித்த பழையது போதும். படகு கிளம்பக் கூப்பிடுகிறார்கள்.

உன் போலய்யா