குழந்தைத் தொப்பி பேட்டர்னை வாங்கியவர்கள்

சைனிக்புரி,
19-8-2012

அன்புள்ள சுபாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஃபெலிக்ஸும் மெல்போர்ன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பில் குறை ஒன்றுமில்லை, மனசில்தான். மெயில் அனுப்பாமல் பேப்பரில் எழுதுகிறாளே என்று நினைக்காதே, கம்ப்யூட்டரை அப்பா பழைய போர்வை போட்டு மூடிவிட்டார், நான் அந்தப் பக்கம் போனாலே அவர் முகம் மாறுகிறது.

குரோஷா பின்னும் முறையை எழுதிய என் பேட்டர்ன்களை விற்க அந்த இன்டர்நெட் கடையை நீ திறந்து கொடுத்து, ஒன்றும் போகவில்லை என்றதும் இன்னின்ன மாதிரி மாற்றுங்கள் என்று எழுதினாயே, அத்தனையும் செய்தோம். ட்யூப்லைட்டில் எடுத்த போட்டோவில் ரோஸ் நூல் சாம்பலாகத் தெரிகிறது என்றாய், மாடியில் காலை வெயிலில் தொப்பியைத் தேங்காய்க்கு மாட்டி எடுத்தோம். ‘கனகா டிசைன்’ என்று தலைப்பு வைத்தால் யார் தேடுவார்கள் என்றாய், பிறந்த குழந்தைக்குப் பூ வைத்த தொப்பி என்று மாற்றினோம். நூல் கனம், ஊசி நம்பர், தலைச் சுற்றளவு எல்லாம் மேலேயே போட்டோம். விளக்கத்தை அப்பா எழுதினார். ஜீடிமெட்லாவில் அவர் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியை மூடியதிலிருந்து சவரம்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்த மனிதர், மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கும் சீட்டை எழுதிப் பழகிய கை அல்லவா, குழந்தைத் தொப்பிக்கும் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று எழுதிவிட்டார். மாடி போர்ஷன் அனுபமா படித்துவிட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது தெரியுமா.

பிறகுதான் விற்க ஆரம்பித்தது. ஒருத்தி வாங்கினாள், பின்னாலேயே இன்னொருத்தி. ஒருத்தி, விளக்கம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது, புதிதாகப் பின்னுகிற எனக்கே புரிந்தது என்று எழுதியிருந்தாள். அன்றிலிருந்து அப்பா விடிந்ததும் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவர் மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பால் வாங்கப் போகிற இடத்தில்கூட என் வொய்ஃபோட டிசைன் ஃபாரின்ல போகுது, மேட்டரெல்லாம் நான்தான் எழுதறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம் நீ குளித்துக்கொண்டிருந்தாய் என்று மாப்பிள்ளை போனை எடுத்தாரே, அன்றைக்கு எங்கள் பக்கம் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் பேச்சுவாக்கில், அத்தை, உங்க அடுத்த பேட்டர்னை எந்த ஃப்ரெண்ட் பேர்ல வாங்கலாம்னு சுபா யோசிச்சிட்டிருக்கா, எல்லார் பேரும் முடிஞ்சு போச்சு என்றார். எங்களுக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார் பாவம், அவரைத் திட்டாதே. அப்பா பேப்பரை மடித்து வைத்தார். போனை வைத்த பிறகு, அப்ப தெளிவா இருக்குன்னு எழுதினதும் அவதானா கனகா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். உனக்குக் குரோஷா ஊசியைப் பிடிக்கவே தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியுமே.

எனக்கு உன்மேல் கோபம் இல்லையடி. எங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தாய். ஆனால் அதற்கப்புறம் நான் விட்டுவிடவில்லை, நிஜமாகவே ஒருத்தியாவது வாங்கிவிட்டால் அவரிடம் ஓடிப்போய்க் காட்டலாம் என்று அனுபமாவின் லேப்டாப்பில் எல்லாவற்றையும் மறுபடி மாற்றினேன். அவளுடைய அக்கா குழந்தைக்கே தொப்பியைப் போட்டுப் போட்டோ எடுத்தோம், பின்னல் ஒவ்வொரு சுற்றுக்கும் படம் சேர்த்தோம். பார்க்கிறவர்கள் கூடினார்கள், வாங்கத்தான் ஆளில்லை. கடைசியில் அனுபமாவே தயங்கித் தயங்கி, ஆன்ட்டி, இதே மாதிரி தொப்பி ஃப்ரீயாவே ஆயிரம் கிடைக்குது, நம்ம போட்டோல, விளக்கத்துல தப்பு ஒண்ணுமில்ல என்றாள். தப்பு இருந்தாலாவது திருத்தலாம். இருக்கட்டும் ஆன்ட்டி, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றும் சொன்னாள், குரலில் தெம்பில்லை. அப்பாவிடம் வேறு பேட்டர்னுக்கு எழுதித் தருகிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். நக்கோ கனகா, வேணாம், யாருக்காக எழுதறது என்றார். மறுபடி தாடி வளர்ந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், கூப்பிடாவிட்டால் இல்லை.

அந்தக் கடையை நீயே அங்கிருந்து மூடிவிடு, எனக்கு அதன் வழி தெரியவில்லை. இனி யார் பேரிலும் வாங்காதே. நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக வாழ அந்தப் பெருமாள் துணையிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. அப்பாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்காதே, கடைப் பேச்சையே எடுக்காதே, சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள். அவர் பதில் சொல்லாவிட்டாலும் போனை உடனே வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகவல்லி