கால் தெரிகிற வெள்ளை

அக்கா,

காலையிலிருந்து கொல்லைப்பக்கம் சுரண்டும் சத்தம். உன் நீச்சல் தொட்டியின் பழைய வெள்ளைப் பூச்சைப் பெயிண்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஈரச் சிமெண்டும் குளோரினும் கலந்த வாசனை சமையலறை வரைக்கும் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் நான் அங்கே நிற்பதே எனக்குத் தெரிந்தது.

புத்தூரில் யாரும் அதை நீச்சல் குளம் என்று சொன்னதில்லை. வீட்டுக்குப் பின்னால் நெஞ்சளவு ஆழத்தில் ஒன்றைக் கட்டினால் போர்வெல் தண்ணீர் தேக்கத்தான் என்று நினைத்தார்கள். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு உன் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பாய். பார்க்காவிட்டால் கால் எங்கே இருக்கிறதென்று உனக்குத் தெரியாது. தண்ணீரில் நடந்தால் நல்லது என்று திருப்பதி டாக்டர் சொன்னார். மாமா மறுபேச்சு இல்லாமல் கட்டி முடித்தார். உன்னைச் சந்தோஷப்படுத்த நினைத்து, உன்னைக் கேட்காமலே கரு நீலம் அடிக்கச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். “ஏண்டி, என் கால் எங்கடி? ஒண்ணுமே தெரியலியே” என்றாய்.  மாமா கரையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். துண்டை மடித்துக் கரையில் வைத்தார். பிறகு, “சரி, தண்ணிய எறக்கிடலாம். நீயே வந்து வேற பெயிண்ட் பாத்து எடு” என்றார்.

அப்படித்தான் நாம் மூவரும் திருப்பதிக்குப் போனோம். கடைக்காரர் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசினார். “ஸ்விம்மிங் பூல் அண்டே ப்ளூனே கதம்மா” என்று, நீச்சல் குளம் என்றாலே நீலம்தானே என்பதுபோல் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. டைல்ஸ் காட்டினார்; ஈரத்தில் வழுக்கும் என்றாய். பொடிக்கல் பதித்த பூச்சைக் காட்டினார், தள்ளி வைத்தாய்.

“எனக்கு வழுக்கவும் கூடாது, கீறவும் கூடாதுப்பா. கீறினா ரத்தம் வந்துகினு இருந்தாக்கூட எனக்குத் தெரியாது.”

அவர் முகம் மாறியது. உள்ளே போய், விதவிதமாகப் பூசிய சிமெண்டுத் துண்டுகளை எடுத்து வந்து மேசைமேல் பரப்பினார். கையால் தடவிப் பார் என்றேன். “என் கை காய்ச்சுப்போய்க் கெடக்குது, அதுக்கு இன்னா தெரியும்?” என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாய். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மாமா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உன்னை மறைத்து நின்றார். கடைசியில் நைசான மணல் கலந்து வெள்ளை எபாக்ஸி பெயிண்ட் அடித்த துண்டை எடுத்து, “இதுதான்” என்றாய்.

பெயிண்ட் அடித்தவுடன் தண்ணீர் விட முடியாது, நன்றாக இறுக வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு நாளும் “இன்னிக்கி உடலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். தண்ணீர் நிரம்பிய அன்று என் கையைப் பிடித்துப் பாதி தூரம் வந்தாய். அப்புறம் விட்டுவிட்டாய். “பாருடி, ரெண்டும் தெரியுது. நடந்துகினு இருக்கேன்டி” என்றாய். மாமா வீட்டுக்குள்ளே போய்விட்டார். அழுதிருப்பார்.

வெள்ளையில் எல்லா அழுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பாசியைத் தேய்த்து எனக்கு இடுப்பு விட்டுப்போகும். கரையில் உட்கார்ந்து, “வேற கலர் எடுத்திருக்கலாம்னு திட்டிக்கினேதானே தேய்க்கிற?” என்று சிரிப்பாய். ஆமாம், திட்டத்தான் செய்தேன்.

பிறகு கிட்னி போயிற்று. வாரம் தவறாமல் திருப்பதி ஆஸ்பத்திரி. தொட்டிக்கரையில் உட்காருவதோடு சரி என்று ஆனது. பிறகு அதுவும் இல்லை. நீ போன பிறகு தண்ணீர் பச்சையாகிக் கிடந்தது. மாமா கொல்லைப்பக்கக் கதவைத் திறக்கவில்லை. எனக்கும் தேய்க்கத் தெம்பில்லை. இப்போதெல்லாம் காய்கறிக்காரர் எது வேண்டும் என்று கேட்டால்கூட எனக்கு அசதியாக இருக்கிறது.

போன வாரம் உன் மகள் சென்னையிலிருந்து பேசினாள். “சித்தி, லீவுக்குப் பசங்கள கூட்டிக்கினு வரேன். நைனாவும் மொடங்கிப்போய்க் கெடக்கிறாரு. தொட்டிக்கு ப்ளூ அடிச்சிடலாமா? அந்த வெள்ளையப் பாத்தா எனக்கு அம்மா ஞாபகம்தான் வருது, உள்ள எறங்க முடியாது.” மாமாவிடம் கேட்டேன். “நீயே சொல்லும்மா” என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

நேற்று அதே கடைக்குப் போனேன். அவர் என்னை அடையாளம் கண்டு, நான் கேட்காமலே அந்த வெள்ளையை எடுத்து வைத்தார். “பெத்தம்மா எப்படி இருக்காங்க?” என்று உன்னை விசாரித்தார். தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “லேரு” என்றேன். இல்லை என்பதற்குத் தெலுங்கில் அந்த ஒரு சொல் போதும். அவர் டப்பாவை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார்.

வெளிர் நீலம் எடுத்தேன், அக்கா. குழந்தைகள் இறங்கினால் அடி தெரிய வேண்டும், அதனால் வெளிர் நீலம். தரைக்கு மட்டும் நைஸ் மணல் கலக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் கேட்டிருந்தால் சரி என்றிருப்பாய் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

இன்று மாமா கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்கு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெயிண்டருக்குத் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

நேற்று திரும்பும்போது திருப்பதி பஸ் ஸ்டாண்டில் என்னைக் கடந்து போனவர்களெல்லாம் என்னை இடித்துக்கொண்டே போனார்கள். பிறகுதான் கவனித்தேன்: இடது கையில் டப்பா, வலது முழங்கையை, நீ பிடித்துக்கொள்ள நீட்டுவேனே அதே மாதிரி, மடக்கி நீட்டிக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறேன். இத்தனை மாதமாக இப்படித்தான் நடக்கிறேன் போலிருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள், முட்டிவலிக்காரர், ஒன்றும் கேட்காமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.  அவர் காலைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு ஏற்ற வேகத்தில், பஸ் ஸ்டாண்ட் வாசல் வரைக்கும் நடந்தேன்.