பாஸ்டருக்குப் பிடித்த பழம்

ஐயா,

என் கார் முழுக்க இன்று டுரியான் வாசம். பின்பெட்டியில் மூன்று பழங்கள். "இது காரா, பழப் பசாரா?" என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்கிறாள். எஸ்தர் அக்கா கொடுத்தது என்றேன். மற்றதை அவளிடம் சொல்ல முடியாது. உங்களிடம்தான் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்குக் காரோட்டி நான். காலையில் ஜார்ஜ் டவுனில் ஆராதனை, பிறகு பாலம் தாண்டி மாக் மண்டினில் வீட்டு ஜெபம், அதன்பின் தாசேக் கெலுகோரில் ஏழெட்டுப் பேர் கூடும் சின்னக் கூடம். அந்த ஏழெட்டுப் பேருக்கும், மண்டபம் நிறைந்த கூட்டத்துக்குப் போலவே தொண்டை வறளப் பிரசங்கம் செய்வீர்கள். கடைசி நாற்காலியில் தூங்கும் என்னிடம் வெளியே வந்ததும், "என்ன தம்பி, இன்னிக்குக் குறட்டை ஆமென்னுக்கு முன்னாலயே நின்னிருச்சே, உடம்பு சுகமில்லையா?" என்பீர்கள். உங்கள் காரோட்டி என்று சொல்லிக்கொள்கையில் என் நெஞ்சு இப்போதும் ஓரங்குலம் முன்னே வருகிறது. வயிறு அதற்கு முன்பே போய்விட்டது, அது வேறு.

ஒருநாள் பாலிக் புலாவில் எஸ்தர் அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது மலைப்பாதை வளைவில், "நிறுத்து தம்பி, நிறுத்து!" என்று கத்தி, இறங்கி ஓடி, ஓரமாக வாந்தியெடுத்தீர்கள்.

"எனக்கு டுரியான் ஆகாது. சின்ன வயசுலேருந்தே குடலைப் பிரட்டும்" என்றீர்கள், வாயைத் துடைத்தபடி.

சற்று முன்தான் அக்கா வீட்டில் சுளை சுளையாகத் தின்று, "அருமைக்கா!" என்று விரலையும் சப்பியிருந்தீர்கள்.

"வேணாம்னு சொல்லலாம்லா, பாஸ்டர்!"

"அவங்க மகன் நட்ட மரம் தம்பி அது. எப்படி வேணாங்கிறது?"

மகன் மோட்டார் விபத்தில் போனதும், கோயிலும் வேண்டாம், கடவுளும் வேண்டாம் என்று அக்கா கேட்டைப் பூட்டிக்கொண்டார். நீங்கள் மாதம் தவறாமல் போய் வெளியே நின்று, "சும்மா பார்க்க வந்தேன்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவீர்கள். ஜெபம்கூடக் கிடையாது. ஒரு டுரியான் பருவத்தில் கேட் திறந்தது. அக்கா பழத்தைப் பிளந்து உங்கள் முன் வைத்தார். அடுத்த வாரம் கோயிலுக்கு வந்தார்.

"இது வெளிய போகக் கூடாது" என்றீர்கள் அன்று அந்த வளைவில், காரில் ஏறியபடி.

"போயும் போயும் இந்த ஓட்டை வாய்கிட்டயா சொல்றீங்க?"

"நீ போய்ச் சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான்லா!"

அக்கா வீட்டில் விரல் சப்பியதன் விளைவு? பாஸ்டருக்கு டுரியான் என்றால் உயிர் என்று சபை முழுக்கப் பேச்சு. பருவம் வந்தால் வீட்டுக்கு வீடு டுரியான். உங்கள் பிறந்தநாளுக்கு டுரியான் கேக் வேறு. ஓய்வு பெறும்வரை அத்தனையையும் சிரித்த முகத்தோடு விழுங்கினீர்கள். அடுத்தவர் பாவத்தைக் கேட்டு முகம் சுளிக்காத போதகர்கள் உண்டு. அடுத்தவர் டுரியானுக்கும் சுளிக்காதவர் நீங்கள்தான்.

போன ஞாயிறு உங்கள் நினைவுக் கூட்டம். "சிரிக்கிற மாதிரி நாலு வார்த்தை பேசுங்கண்ணே" என்று மைக்கை என்னிடம் நீட்டினார்கள். என் வாழ்நாளின் மிகச் சிறந்த நகைச்சுவை நாக்கு நுனியில் நிற்கிறது. முன்வரிசையில் எஸ்தர் அக்கா. விழுங்கிவிட்டு என் குறட்டைக் கதையைச் சொன்னேன். சுமாராகச் சிரித்தார்கள்.

தேநீர் வேளையில் அக்கா என்னைத் தனியே இழுத்தார். "தம்பி, நீதானே கூடவே வருவ. பாஸ்டர் நெசமா விரும்பித்தான் சாப்பிட்டாரா? எனக்காகச் சாப்பிட்டாரோன்னு ஒரு சந்தேகம்."

செத்தேன் என்று நினைத்தேன். கோயில் வளாகத்தில் பொய் சொல்லவும் பயம்.

"உங்க மரத்துப் பழத்த அவரு ஒரு வருஷம்கூட வேணாம்னு சொன்னதில்லக்கா."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்போ இந்த வாரம் வந்து அவரு பங்கை எடுத்துட்டுப் போ."

அதற்குத்தான் இன்று போனேன். எனக்கு டுரியான் பிடிக்கும். அதில் எந்தத் தியாகமும் இல்லை. எனக்கு ஆகாதது வாயை மூடிக்கொண்டிருப்பது. திரும்பும் வழியில் அந்த வளைவு வந்ததும் குடலைப் பிரட்டியது. காரை நிறுத்தி இறங்கினேன். ஆள் நடமாட்டம் இல்லை. "எங்க பாஸ்டருக்கு டுரியானே ஆகாதுலா!" என்று மரங்களைப் பார்த்து ஒருமுறை உரக்கக் கத்தினேன்.

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தேன். இனி அடுத்த பருவம்வரை வாய் தாங்கும்.