உளுத்த மரத்தைப் பற்றிய பிரசங்கம்

ஹ்வாங்னே,
6 அக்டோபர் 1981

இன்சூக் அம்மாவுக்கு,

சமாதானம். நீ நம் மகளைக் கூட்டிக்கொண்டு பூசானுக்குப் போய் உன் அண்ணன் சாப்பாட்டுக் கடையில் மீன் அரியத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் சில காலைகளில் கைப்பழக்கத்தில் மூன்று பேருக்கு அரிசி களைந்துவிடுகிறேன்.

போன வாரம் இங்கே சுரங்கக் கூரை சரிந்து நாலு பேர் போய்விட்டார்கள். நம் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடும் தாக் மான்ஹோவும் அதில் ஒருவர். சாவதற்குச் சில நாள் முன்னால், ஜெபக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "கீழ முட்டுக்குடுத்த மரமெல்லாம் உளுத்துப்போச்சு போதகரே, கையால அழுத்தினா தூளாவுது. மேனேஜர்கிட்ட சொன்னா, பயமா இருந்தா வேற வேலை பாருங்கிறார்" என்றார்.

அந்த மேனேஜர் வேறு யாருமல்ல, நம் சபை மூப்பர் கூதான். பதினெட்டாம் தேதி ஞாயிறு நினைவு ஆராதனை. கூ நேற்று வந்து, "கர்த்தர் அழைச்சுக்கிட்டார்னு மட்டும் சொல்லுங்க. குடும்பங்க ஆறுதலாப் போகட்டும்" என்றார். போகும்போது, ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஓட்டு வீட்டைப் பழுதுபார்த்து எனக்குத் தருவதாகவும், இன்சூக்குக்குக் கம்பெனிப் பள்ளியில் இடம் வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

முன்பு சனிக்கிழமைகளில் நீ முள்ளங்கி நறுக்குவாய், நான் குறுக்கும் நெடுக்கும் நடந்து பிரசங்கத்தைப் படித்துக்காட்டுவேன். கத்திச் சத்தம் நின்றால் அந்த இடத்தில் தப்பு என்று எனக்குத் தெரியும். இப்போது யாரிடம் கேட்பது?

பியோன் தோக்கி

*

பூசான்,
10 அக்டோபர்

இன்சூக் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். இன்சூக் உயரமாகிவிட்டாள், பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அண்ணி நல்லவள்தான். ஆனால் நாங்கள் சாப்பிடும்போது சோற்றுப் பானையை மூடி வைக்கிறாள்.

வீடு என்று எழுதினீர்களே, அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எந்தப் பக்கம் வெயில் வரும்? கிம்ச்சி ஊறுகாய் ஜாடியை மண்ணில் புதைக்க முற்றம் உண்டா?

யோங்ஜுவில் கள்ளத்தராசைப் பற்றிப் பேசினீர்கள். அரிசி வியாபாரி மூப்பர் நம்மை வெளியே அனுப்பினார். அடுத்த ஊரிலும் அப்படித்தான், அதற்கடுத்த ஊரிலும் அப்படித்தான். மழையில் கைவண்டிக்கு முன்னால் நீங்கள் நிமிர்ந்து நடந்தீர்கள். பின்னால் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவள் நான். உங்கள் பிரசங்கத்தில் எனக்குக் குறை இல்லை. அதற்குப் பிறகு மூட்டை கட்டும் திங்கட்கிழமைகளைத் தாங்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

இந்த ஒரு முறை மெதுவாகச் சொல்லுங்கள். செத்தவர்கள் திரும்பி வரப் போவதில்லை.

ஹேசூன்

*

ஹ்வாங்னே,
13 அக்டோபர்

இன்சூக் அம்மாவுக்கு,

நீ சொன்னபடியே எழுதிவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பார். முற்றம் உண்டு. காலை முழுக்க வெயில் அடிக்கும்.

தாக்கின் மனைவி இன்று வந்தாள். தரையில் உட்காரக்கூட இல்லை. "அவரு கர்த்தர்கிட்ட இருக்காருன்னு எனக்குத் தெரியும், போதகரே. அதுக்கு எனக்குப் பிரசங்கம் வேண்டாம். ஏன் போனாருன்னு ஞாயித்துக்கிழமை சொல்லுவீங்களா? ஊர்ல யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க" என்றாள்.

பார்லித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

தோக்கி

*

பூசான்,
16 அக்டோபர்

இன்சூக் அப்பாவுக்கு,

கடை மூடியிருந்த நேரத்தில் உங்கள் பிரசங்கத்தைச் சத்தமாகப் படித்தேன். "கர்த்தர் தம் தோட்டத்து நல்ல பூக்களைத் தாமே பறித்துக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதியவரை எனக்குத் தெரியாது.

நான் உங்களை முதலில் பார்த்தது எங்கே என்று நினைவிருக்கிறதா? வடக்கும் தெற்கும் போட்ட சண்டை முடிந்த வருஷம், ஆற்றங்கரைக் கூடார ஆலயம். அம்மாவைப் புதைத்து நாலு நாள். வந்தவர் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தேவதூதர்களுக்கு ஆள் தேவைப்பட்டது என்றுகூட ஒருவர் சொன்னார். நீங்கள் ஒட்டுப்போட்ட கோட்டில் மெலிந்துபோய் நின்றீர்கள். வேதத்தில் யோபு பட்ட பாட்டை வாசித்துவிட்டு, "ஏன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசினா நான் பொய்யன். அழறவங்க அழுங்க, கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார்" என்றீர்கள். அன்றுதான் நான் அழுதேன். கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அழுதுகொண்டே நினைத்தேன்.

அன்று உங்களுக்குக் காரணம் தெரியாது, தெரியாது என்றீர்கள். இன்று தெரியும். உளுத்த மரத்தைக் கர்த்தர் தலையில் கட்டாதீர்கள். என் போன கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள். அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வராது.

இது ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டே ஒட்டுகிறேன்.

ஹேசூன்

*

ஹ்வாங்னே,
20 அக்டோபர்

இன்சூக் அம்மாவுக்கு,

உன் கடிதம் இன்று, செவ்வாய்க்கிழமை வந்தது.

ஞாயிற்றுக்கிழமையே நான் அந்தப் பிரசங்கத்தை வாசித்துவிட்டேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. வாசலில் பலர் என் கையைப் பிடித்து, நல்ல ஆறுதல் என்றார்கள். கூ சாவியை என் கோட்டுப் பையில் போட்டார். தாக்கின் மனைவி எல்லாரையும் போலக் குனிந்து வணங்கினாள். "நன்றி, போதகரே" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

இன்று மத்தியானம், உன் கடிதத்தைப் படித்ததும், சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். "சம்சாரத்துக்கு வீடு பிடிக்கலையா?" என்று கூ கேட்டார். பிடிக்கவில்லை என்றேன்.

வருகிற ஞாயிறு வெளியூர்ப் போதகர் பேசுகிறார். நவம்பர் முதல் தேதி மறுபடியும் என் முறை. தாக் என்னிடம் சொன்னதை அன்று அப்படியே சொல்லப்போகிறேன், போன ஞாயிறு நான் சொன்னது பொய் என்பதையும் சேர்த்து. அதற்குப் பிறகு நமக்கு இந்த ஊர் இருக்காது. உனக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை, ஹேசூன். இனி வா என்று எந்த வாயால் எழுதுவேன்?

தோக்கி

*

பூசான்,
24 அக்டோபர்

இன்சூக் அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மீன் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி வந்து, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, ஊருக்குப் போகிறேன் என்றேன்.

முப்பத்தொன்றாம் தேதி ரயிலில் நானும் இன்சூக்கும் வருகிறோம். நீங்கள் இருக்கும் ஆலயத்து அறை மூன்று பேருக்குப் போதாது என்று எழுதி என்னை நிறுத்தப் பார்க்காதீர்கள். அதைவிடச் சின்ன அறைகளில் இருந்திருக்கிறோம். திங்கட்கிழமையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தாக்கின் மனைவியிடம் முன்கூட்டியே எதுவும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் போய் அவளை அழைத்துக்கொண்டு வந்து, பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்காருகிறேன். பேசும்போது என்னைப் பார்க்காதீர்கள். அவளைப் பார்த்துப் பேசுங்கள்.

ஹேசூன்