கிராண்டில் உன் பெயர்

என் பெரியவனுக்கு,

காஜா பேராங் வீட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன். உன் மகளுக்கு இருபது நாளாக மலேரியாக் காய்ச்சல் விடவில்லை. நம் வீட்டை விலைக்குக் கேட்கும் சீன முதலாளி, அந்தத் தவுக்கே, பணத்துக்குப் பதிலாகக் கொயினா மாத்திரையும் இரண்டு மூட்டை அரிசியும் தருகிறேன் என்கிறான். ஜப்பான்காரன் நோட்டை இப்போது யார் நம்புகிறார்கள்?

நில ஆபீஸ் குமாஸ்தா கிராண்டுப் பத்திரத்தைப் பார்த்தான். "பாட்டி, வீடு உங்க மகன் பேருல இருக்கு. அவரு வந்து கையெழுத்துப் போடணும். இல்லன்னா செத்துட்டாருன்னு சாட்சி போட்ட சூராட் கடுதாசி கொண்டாங்க" என்றான். வாங்கும்போது நீ என் பெயரில்தான் எழுதச் சொன்னாய். ஆம்பளை பெயர் இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

மூன்றே மாதம் என்று சொல்லி உன்னைச் சியாம் ரயில்பாதை வேலைக்குக் கூட்டிப்போனானே உன் அத்தை மகன் தியாகு, அவன் மட்டும் திரும்பி வந்திருக்கிறான். உன் கல்யாணப் பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனவன். அதையே நான் இன்னும் மறக்கவில்லை.

"அத்தே, நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்" என்றான்.

"உயிரோட இருக்கிறவன செத்தான்னு எழுதிக் குடுப்பியாடா, பாவி?"

எதற்கும் எதிர்த்துப் பேசுகிறவன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். உன் பெண்டாட்டி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வரை தவுக்கே பொறுத்திருப்பான். அதற்குள் வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போ. வராவிட்டால் தியாகுவோடு நான் அந்த ஆபீசுக்குப் போகத்தான் வேண்டும். குழந்தை பிழைக்கணும்.

இதை எந்த ஊருக்குப் போடுவது என்று தெரியவில்லை. நீ இருக்கும் இடம் தியாகுவுக்குத் தெரியும். அவனிடம் கேட்கத்தான் எனக்குத் துணிச்சல் இல்லை.

உன் அம்மா